ஏழு நிமிடத் தூரம்

"கிழக்கே போனா இருபத்திரண்டு கிலோமீட்டர் அண்ணாச்சி. அரை மணி நேரத்துல மண்டபத்து வாசல்ல எறக்கிருவேன்," என்று டிரைவர் அந்தோணி மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஊருக்குள் சாலை பிரியும் கூனங்குடி விலக்கில் வேன் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம்," என்றார் உலகநாதன், வேனுக்குள் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து. "கேட்டுக்கிட்டீங்களா? முப்பது நிமிஷம். மேற்கே போனா ஏழு நிமிஷம். இதுல எது பெருசு?"

"முப்பது," என்றார்கள் எல்லாரும்.

"எது சின்னது?"

இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே, "ஏழு மாமா," என்றான்.

வேன் மேற்கே திரும்பியது. மணி ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

மாப்பிள்ளை சுடலைமணிக்கு முப்பத்தேழு வயது. அன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எட்டிவிளை மண்டபத்தில் அவன் பிரம்மசக்தியின் கழுத்தில் தாலி கட்ட வேண்டும். பெண்ணின் அப்பா தங்கப்பழம் முந்தின வாரம் போனில் பேசும்போது கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்: "முகூர்த்தம் தவறினா இந்தச் சம்பந்தம் இல்லை. எங்க குலதெய்வத்துமேல சொல்றேன். வர்றதுக்கு எது சீக்கிரமோ அந்த வழியா வந்து சேருங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று, வழி தெரியவில்லை என்றவர்களிடம் முன்னால் போகும் எட்டிவிளை பஸ்ஸை விடாமல் பின்தொடர்ந்து வரச் சொல்லியிருந்தார். விடாமல் பின்தொடர்ந்தார்கள். பஸ் ஊருக்குள் ஆட்களை இறக்கிவிட்டுப் பணிமனைக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் டீசல் பம்புக்குப் பக்கத்தில் தாம்பூலத் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, இரவு எட்டு மணிவரை பெண் வீட்டாரின் மரியாதைக் குறைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை உலகநாதன் எதையும் விதியின் கையில் விடவில்லை. பையனுக்குத் தாய்மாமன் அவர். குடும்பத்தில் போனை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். எது சீக்கிரமான வழி என்று இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் கிடைத்தது: 'கருங்கல்பட்டி விமான நிலையத்துக்கும் உப்பளமேடு விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 95 கிலோமீட்டர். பயண நேரம் 7 நிமிடம்.'

கருங்கல்பட்டி, கூனங்குடிக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டர். உப்பளமேடு, எட்டிவிளையைத் தாண்டி இன்னும் கிழக்கே நாற்பது கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில், வளைந்து வளைந்து போகும் ஒரே சாலையில், கூனங்குடியும் எட்டிவிளையும் இருந்தன. இது உலகநாதனுக்குத் தெரியும். ஆனால் ஏழு என்ற எண்ணைப் பார்த்த பிறகு அது அவருக்குச் சின்ன விஷயமாகப் போய்விட்டது.

பெண்களை அவர் கூட்டிக்கொள்ளவில்லை. ஏழு நிமிடத்துக்குள் அத்தனை பேர் ஏறி இறங்க நேரம் போதாது என்று முதல் டவுன் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். ஆறே முக்காலுக்கு அவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கு வேன் கருங்கல்பட்டி விமான நிலையத்தை அடைந்தது. கதவு பூட்டியிருந்தது. ஒரு காவலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உப்பளமேட்டுக்குப் பத்துப் பேர்," என்றார் உலகநாதன்.

"டிக்கெட்?"

"டிக்கெட் எதுக்குங்க? ஏழு நிமிஷம்தான். நின்னுக்கிட்டே போயிருவோம்."

காவலர் மாலையும் பட்டு வேட்டியுமாக நின்ற சுடலைமணியைப் பார்த்தார். எழுந்து நின்றார். "இங்கேருந்து அங்க பிளைட்டே கிடையாதுய்யா. மொத்தம் ஒரே பிளைட்டு. அதுவும் மெட்ராசுக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

உலகநாதன் போனை நீட்டினார். காவலர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சும்மா கணக்குப் போட்டுச் சொல்றான். விமானம் ஒண்ணு இருந்து, அது நேரா பறந்துச்சுன்னா ஏழு நிமிஷம். ஆனா விமானம் இல்லை."

"விமானம் இல்லாமலே ஏழு நிமிஷமா?" என்றார் சித்தப்பா கொம்பையா. அவருடைய முகம் மலர்ந்திருந்தது. "அப்ப இருந்துச்சுன்னா இன்னும் வெரசா போயிரலாமே!"

காவலர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

வாசலிலேயே கூடி ஆலோசித்தார்கள். எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. சுடலைமணியின் அக்கா புருஷன் அருஞ்சுனை, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிறவர், செருமினார்.

"மாமா, அதுல விமானத்துலன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

உலகநாதன் எழுத்துக்கூட்டித் திரும்பவும் படித்தார். தூரம் இருந்தது. பயண நேரம் இருந்தது. விமான நிலையம் என்று இரண்டு இடத்தில் இருந்தது. விமானத்தில் போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

"இல்லை மாப்ளே."

"அப்ப எதுல போனாலும் அதே நேரம்தான்."

"நடந்து போனாலும்?" என்று கொம்பையா கேட்டார்.

"நடந்து போனாலும்."

இதை எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள். நடந்தால் பவுடர் கலைந்துவிடும் என்று சுடலைமணி சொன்னான். ஆகவே வேனிலேயே போவது என்று தீர்மானித்தார்கள். இந்தத் தீர்மானத்துக்கு வர நாற்பது நிமிடம் ஆயிற்று.

"இப்ப மணி ஏழு நாப்பது," என்றார் உலகநாதன், ஏறி உட்கார்ந்ததும். "ஏழு நாப்பத்தேழுக்கு உப்பளமேடு. விடு அந்தோணி."

அந்தோணி பதினாறு வருடமாகக் கல்யாண வேன் ஓட்டுகிறவர். அவர் கண்ணாடியில் பத்துப் பேரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

ஏழு நாற்பத்தேழுக்கு உலகநாதன், "நிறுத்து," என்றார். வேன் நின்றது. பத்துப் பேரும் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் உடைமரம். தரிசில் நாற்பது ஆடுகளை ஒரு பெண் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, இது உப்பளமேடு ஏர்போர்ட்டா?" என்று கொம்பையா கேட்டார்.

அவள் பத்துப் பேரையும், மாலையையும், வேனையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமா. இப்பத்தான் ஒண்ணு எறங்குச்சு. அந்தா மேயுது பாருங்க."

கொம்பையா பார்த்தார். "வெள்ளாடு மாதிரி இருக்கே," என்றார் சந்தேகத்துடன்.

"வெளங்கிரும்," என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அருஞ்சுனை செருமினார். "மாமா, நேரம் சரியா இருக்கு. ஏழு நாப்பத்தேழு. ஆனா ஊரைக் காணோமே?"

"நேரம் வந்திருச்சு. ஊர்தான் இன்னும் வரலை," என்றார் உலகநாதன். "அது நம்ம தப்பில்லை."

"ஊர் லேட்டா?"

"ஊர் லேட்டு."

"அதுக்குள்ள நேரம் ஓடிருமே மாமா. முகூர்த்தம் என்னாகும்?" என்றான் சுடலைமணி. அவனுக்கு அன்று அதிசயமாக ஒரு பயம் வந்திருந்தது. இதுவரை பார்த்த நான்கு பெண்களும் வேறு யாரையாவது கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் ஏதாவது ஓரிடத்தில் மிகச் சரியாக வந்து நின்றிருந்தான். அந்த இடம்தான் வேறாக இருந்தது.

உலகநாதன் யோசித்தார். பிறகு கைக்கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்தார். முள் நின்றது. "ஊர் வர்ற வரைக்கும் நேரம் நிக்கட்டும்," என்றார். கவலை தீர்ந்து எல்லாரும் வேனில் ஏறினார்கள். சுடலைமணி மட்டும் ஏறும்போது ஒரு முறை சூரியனைப் பார்த்தான். அது அவன் விட்ட இடத்தில் இல்லை. ஆனாலும் மாமாவின் கடிகாரம் விலையுயர்ந்தது.

எட்டே முக்கால் சுமாருக்கு வேன் ஒரு விலக்கைத் தாண்டியது.

"இங்க பாருங்கய்யா, அப்படியே நம்ம கூனங்குடி மாதிரியே இருக்கு," என்றார் கொம்பையா. "டீக்கடை, கரண்டு போஸ்டு, எல்லாம்."

"எல்லா ஊருக்கும் ஒரு விலக்கு இருக்கத்தான் செய்யும்," என்றார் உலகநாதன்.

டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து, "என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்று கத்தினார்.

"நம்ம பேச்சும் அப்படியே இருக்கு," என்றார் கொம்பையா. வேனிலிருந்து எல்லாரும் அந்த நல்ல மனிதருக்குக் கையசைத்தார்கள்.

ஒன்பது இருபதுக்கு எட்டிவிளை வந்தது. மண்டபம் சாலையோரத்திலேயே இருந்தது. வாசலில் வாழைமரம். மேளச் சத்தம். தங்கப்பழம் மாலையோடு சாலைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். வேனைக் கண்டதும் அவருடைய தோள்கள் இறங்கின; அன்று காலையில் முதல் தடவையாக மூச்சுவிட்டார் என்று தோன்றியது. அந்தோணி வேகத்தைக் குறைத்தார். சுடலைமணி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டான்.

"ஏல, எங்க போற?" என்றார் உலகநாதன்.

"மண்டபம் மாமா."

"மண்டபம்னு போட்டிருக்கா? ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் இடையேன்னு போட்டிருக்கு. நடுவுல எறங்கினா தூரம் அறுந்து போயிராதா?"

"எறங்கிட்டு, தாலியைக் கட்டிட்டு..."

"பாதி வழியில கட்டின தாலின்னு நாளைக்கு ஊர் சொல்லும்," என்றார் அருஞ்சுனை, செருமிக்கொண்டு. "காலை உள்ள எடுங்க மாப்ளே."

சுடலைமணி காலை உள்ளே எடுத்தான். வேன் தங்கப்பழத்தை மெதுவாகக் கடந்தது. பத்துப் பேரும் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். "வந்துக்கிட்டே இருக்கோம் சம்பந்தி!" என்று உலகநாதன் ஜன்னல் வழியாகக் கூவினார். வேன் கிழக்கே போய் மறைந்தது. தங்கப்பழத்தின் கையில் மாலை அப்படியே இருந்தது.

மாடி ஜன்னலிலிருந்து பிரம்மசக்தி இதைப் பார்த்தாள்.

அவள் எட்டிவிளை பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். ஒவ்வொரு பஸ்ஸும் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, எவ்வளவு தாமதம் என்று சொல்வது அவளுடைய வேலை. முப்பத்துமூன்று வயதுக்குள் பதினொரு பேர் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினொரு பேரும் வேலையை விடச் சொன்னார்கள். சுடலைமணி வீட்டார் மட்டும் சொல்லவில்லை. பெருந்தன்மையால் அல்ல. அப்படி ஒன்று கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அது போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். முகூர்த்தம் தவறினால் அப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். அடுத்து லாரி வைத்திருக்கும் அத்தை மகன் இருந்தான். அவன் முதல் பேச்சிலேயே, "பஸ் ஸ்டாண்டுல நிக்கிற வேலை எல்லாம் நமக்கு ஒத்து வராது," என்று சொல்லியனுப்பியிருந்தான்.

முதல் பஸ்ஸில் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் உப்பளமேட்டு விமான நிலையக் கணக்கைக் கேட்டுக்கொண்டு அவள் கீழே இறங்கி வந்தாள்.

"உப்பளமேடு ஐம்பது நிமிஷம் அப்பா. திரும்பி வர ஐம்பது. இங்க வந்து சேர பதினொண்ணு ஆயிரும். காரை எடுங்க."

"பொண்ணு மாப்பிள்ளையைத் துரத்திக்கிட்டுப் போறதா?"

"அவங்களா வந்து சேருவாங்கன்னு நினைக்கிறீங்களா?"

தங்கப்பழம் காரை எடுத்தார். ஐயரும், தாலித் தட்டோடு சுடலைமணியின் அக்கா பேச்சியம்மாளும் ஏறிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் அருஞ்சுனையின் மனைவி. வழி முழுக்க அவள் தாலித் தட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உப்பளமேட்டில் அதற்குள் வேறொரு சிக்கல் எழுந்திருந்தது. வேன் பத்து மணி பத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வந்து சேர்ந்ததாக உலகநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் 'வருகை' என்று எழுதிய கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் கதவு வழியாக வெளியே வர வேண்டுமென்றால் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே விடக் காவலர் மறுத்தார்.

"நாங்க உள்ள வரலை சார். வெளிய வரணும்," என்று உலகநாதன் விளக்கினார்.

"வெளியதானேய்யா நிக்கிறீங்க!"

"நிக்கிறோம். ஆனா வரலை."

கொம்பையாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. முதுகைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து உள்ளே போனார். பார்க்கிறவர்களுக்கு வெளியே வருவதுபோலத் தெரியும் என்பது அவர் கணக்கு. காவலர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே வெளியே நடக்கவைத்தார். "பாத்தீங்களா, வந்துட்டேன்!" என்று கொம்பையா கத்தினார். அவர் ஒருவர் மட்டும் வந்து சேர்ந்ததாக எல்லாரும் ஒப்புக்கொண்டு கைகுலுக்கினார்கள்.

கார் வந்து நின்றபோது மணி பத்து இருபது. காவலர் ஒவ்வொருவராக மற்றவர்களின் காலரையும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரம்மசக்தி இறங்கினாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நேராகச் சுடலைமணியிடம் போய் நின்றாள்.

"தாலியைக் கட்டுங்க."

சுடலைமணி மாமாவைப் பார்த்தான்.

"என்ன அவசரம்?" என்றார் உலகநாதன், நின்றுபோன கடிகாரத்தைக் காட்டி. "மணி ஏழு நாப்பத்தேழுதானே ஆகுது? முகூர்த்தம் ஒன்பதுக்கு. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் கெடக்கு."

"பத்து இருபத்துமூணு," என்றார் ஐயர், தன் கடிகாரத்தைப் பார்த்து.

"அது உங்க கடிகாரம் சாமி. நாங்க ஏழு நாப்பதுக்குக் கெளம்பினோம். ஏழு நிமிஷப் பயணம். கூட்டிப் பாருங்க."

ஐயர் கூட்டிப் பார்த்தார். தப்பு இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. தங்கப்பழம் காருக்குத் திரும்பி, கதவில் கை வைத்தார். "வாம்மா போவோம். நான் சொன்ன சொல் சொல்லுதான்."

பிரம்மசக்தி நகரவில்லை. தாமதமாக வந்த டிரைவர்கள் சொல்லும் காரணங்களைப் பத்து வருடம் கேட்டவள் அவள். காரணத்தோடு சண்டை போட்டால் பஸ் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா," என்றாள். "சிங்கப்பூருக்குப் போறவங்க அங்க போய் எறங்கினதும் என்ன செய்வாங்க?"

"கடிகாரத்தை மாத்தி வைப்பாங்க," என்றார் அருஞ்சுனை, செருமக்கூட மறந்து. அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்தான்.

"எந்த நேரத்துக்கு?"

"அந்த ஊர் நேரத்துக்கு."

"நீங்க ஏர்போர்ட்டுலேருந்து ஏர்போர்ட்டுக்கு வந்திருக்கீங்க. உங்க ஊர்ல ஏழு நாப்பத்தேழு. சரிதான். இந்த ஊர்ல இப்ப பத்து இருபத்தஞ்சு."

ஒன்பது பேர் உலகநாதனைப் பார்த்தார்கள். உலகநாதன் வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மரியாதையோடு பெண்ணைப் பார்த்தார்.

"அவ்வளவு தூரமாடா வந்துட்டோம்!" என்றார். முள்ளை நகர்த்தித் திருகை அழுத்தினார்.

சுடலைமணி தாலியை எடுத்தான். பிரம்மசக்தி தலையைக் குனிந்து, பின்னலை அவளே ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஐயர் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மேளக்காரர்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். ஆனால் சரியாக அந்த நேரம், நிறுத்தக் கூடாத இடத்தில் கார் நிற்கிறது என்று காவலர் பலமாக விசில் ஊதினார். சுடலைமணி முதல் முடிச்சைப் போட்டான். பேச்சியம்மாள் மற்ற இரண்டையும் இறுக்கிப் போட்டாள். பத்து இருபத்தொன்பது. தங்கப்பழம் கார்க் கதவிலிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாக வருவதுதான் முறை என்பதால் பிரம்மசக்தி வேனில் ஏறினாள். எட்டிவிளையில் அறுநூறு பேர் இலைக்காகக் காத்திருந்தார்கள். கார் முன்னால் போயிற்று.

வேனில் உலகநாதன் போனை எடுத்து, ஊர்களை முன்பின்னாக மாற்றித் தேடினார். உப்பளமேட்டிலிருந்து கருங்கல்பட்டிக்கும் தொண்ணூற்றைந்து கிலோமீட்டரே இருந்தது. ஏழு நிமிடமே இருந்தது.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணுன்னு ஏமாத்தலை," என்றார் நிறைவோடு. "யோக்கியமான தூரம். அந்தோணி, நேரா கருங்கல்பட்டி."

"மண்டபத்துல பந்தி காத்திருக்கு அண்ணாச்சி," என்றார் அந்தோணி.

"கருங்கல்பட்டியில போய் முறைப்படி எறங்கிட்டு, அப்படியே வந்து சாப்பிடுவோம். ஏழு நிமிஷத்துல சோறு ஆறியா போகும்?"

கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேற்கே போவது மேடு. மேட்டில் ஏறும்போதும் ஏழுதானா, எட்டா? அருஞ்சுனை செருமினார். மேடு என்பது மாட்டுவண்டிக்குத்தான் என்றார். அப்படியானால் கிழக்கே வரும்போது இறக்கத்தில் ஆறு நிமிடத்தில் வந்திருக்க வேண்டுமே என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். இது எல்லாரையும் உலுக்கிவிட்டது. பத்து வாய்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன.

எட்டிவிளை மண்டபத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. அந்தோணி அதில் ஏற்றுவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே வேகத்தைக் குறைத்தார்.

"மண்டபம் வந்திருச்சு," என்றாள் பிரம்மசக்தி, பக்கத்தில் இருந்தவனிடம்.

"நடுவுல எறங்கக் கூடாதும்மா," என்றான் சுடலைமணி அன்பாக. பிறகு பின்சீட்டுப் பக்கம் திரும்பி, "மேட்டுலயும் ஏழுதான் சித்தப்பா, நான் சொல்றேன்," என்றான்.

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். வாழைமரத்தைக் கடந்து உள்ளே போனாள்.

வேன் மேற்கே வேகம் எடுத்தது. மேடு விஷயம் இன்னும் தீரவில்லை. சுடலைமணி மாலையைக் கழற்றிப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு, காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டான்.